ஐந்தாவதாக வருகிறவள்

பந்தய வட்டாரத்தில் அவளுக்கு 'அஞ்சு' என்று பட்டப்பெயர். கேட்பதற்குச் செல்லமாக இருக்கும். செல்லமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. எந்த நாட்டுக்குப் போனாலும் ஐந்தாவதாக வந்து நிற்பாள், அதனால் அஞ்சு. பி.எம்.எக்ஸ் சைக்கிள் பந்தயத்தில் எட்டுப் பேர் ஒன்றாகக் கிளம்புவார்கள். முதல் நாலு பேர் அடுத்த சுற்றுக்குப் போவார்கள். மற்றவர்கள் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு விமான டிக்கெட்டைத் தேட வேண்டியதுதான். எட்டாவதாக வருகிறவளுக்குக்கூட ஒரு நிம்மதி உண்டு. இது நமக்கு ஒத்துவராது என்று வேறு பிழைப்பைப் பார்க்கப் போய்விடலாம். ஐந்தாவதாக வருகிறவளுக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை. ஒரே ஒரு ஆள், ஒரே ஒரு சக்கரம் என்று வருஷக்கணக்காக வயிறு எரிந்துகொண்டே இருக்கும்.

அந்த விளையாட்டைப் பார்க்காதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். குழந்தை சைக்கிள் அளவுக்குத்தான் வண்டி. சீட் உண்டு, உட்கார நேரம் கிடையாது. மாடி உயரத்துக்கு ஒரு மேடு, அதன் உச்சியில் நிமிர்ந்து நிற்கும் இரும்புப் பலகை. அதைத்தான் கேட் என்பார்கள். எட்டுப் பேரும் முன்சக்கரத்தை அதில் முட்டுக்கொடுத்து, இரண்டு பெடல்மேலும் ஏறி, விழாமல் நிற்பார்கள். ஒலிபெருக்கியில் ஒரு குரல் 'தயாராகு, கேட்டைப் பார்' என்று சொல்லும். அதன்பிறகு ஒரு மௌனம். அப்புறம் பீப் பீப் என்று சத்தம், கேட் தடாலென்று முன்னால் சாயும், எல்லோரும் கீழே பாய்வார்கள். மண்மேடுகள், வளைவுகள், தாவல்கள் எல்லாம் ஒரு நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். அந்த மௌனம் இருக்கிறதே, அது ஒவ்வொரு தடவையும் வேறு வேறு நீளம். யாரும் மனசுக்குள் எண்ணிக்கொண்டு முந்திவிடக் கூடாது என்று வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள்.

உள்ளூரில் அவளை அடிக்க ஆள் கிடையாது. உள்ளூர் என்றால் முழு நாடும்தான், நாட்டுக்கே அந்த ஒரு மைதானம்தான் இருந்தது. கேட் விழுந்து முடிவதற்குள் அவளுடைய சைக்கிள் பாதி மேடு இறங்கியிருக்கும். விமானம் ஏறி வெளியே போய்விட்டால் மட்டும் அந்தக் கால்களுக்கு என்ன ஆகும் என்று தெரியவில்லை. பீப் சத்தம் கேட்கும், பக்கத்தில் இருப்பவர்கள் பாய்வார்கள், அவள் அப்போதும் எதற்கோ காத்துக்கொண்டிருப்பாள். எட்டாவது ஆளாகக் கீழே இறங்கி, வளைவுக்கு வளைவு உள்பக்கமாக நுழைந்து, ஒவ்வொருத்தியாகத் தாண்டி, மூச்சு முட்டி ஐந்தாவதாக வந்து சேர்வாள். பின்னாலிருந்து வந்து முந்துவதில் அவளை மிஞ்ச ஆள் இல்லை என்று எதிராளிகளே சொல்வார்கள். அந்தப் பாராட்டைக் கேட்டால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வைத்தியம் சொல்லாத ஆள் இல்லை. பயிற்சியாளர் முன்னாள் ஓட்டப்பந்தய வீரர். அவருக்கு எல்லா நோய்க்கும் ஒரே மருந்து. "மனசுதாம்மா எல்லாம். உனக்கு வெளிநாடுன்னா பயம். உடம்பு உறைஞ்சு போயிடுது" என்பார்.

"எனக்கு ஒரு பயமும் இல்ல சார்."

"பயம் இருக்கிறவங்க எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க."

மனநல ஆலோசகரிடம் அனுப்பினார்கள். கேட்டில் நிற்கும்போது அமைதியான ஒரு ஏரியை நினைத்துக்கொள் என்று அவர் சொன்னார். நினைத்தாள். ஏரி நன்றாகத் தெரிந்தது, கேட் விழுந்ததுதான் தெரியவில்லை. மூச்சுப் பயிற்சி, தூக்கப் பயிற்சி, பந்தயத்துக்கு முன்னால் வாழைப்பழம் சாப்பிடாமை என்று என்னென்னவோ செய்து பார்த்தாள். சாண் ஏறினால் முழம் சறுக்கியது.

அம்மாவின் வைத்தியம் வேறு. "ஏண்டி, அஞ்சாவதா வர்றதுக்கு அவ்வளவு தூரம் போகணுமா? இங்கயே அஞ்சாவதா வந்துட்டுப் போயேன், பயணச் செலவாவது மிச்சம்." கிண்டலாகத்தான் சொல்வாள். ஆனாலும் மகள் ஊரில் இல்லாத நாட்களில் டெலிபோனைக் கையிலேயே வைத்துக்கொண்டு சமைப்பதும் அந்த அம்மாதான்.

பிழைப்புக்கு, விளையாட்டு வீராங்கனை என்று இரங்கி ஒரு வேலை கொடுத்திருந்தார்கள், நகராட்சி நீச்சல் குளத்தில் டிக்கெட் கிழிக்கிற வேலை. சைக்கிள் ஓட்டுகிறவளுக்கு நீச்சல் குளம்! குளோரின் நாற்றம் பிடித்த கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, ஈரச் செருப்போடு வருகிறவர்களை "அந்தப் பக்கம் போங்க" என்று துரத்திக்கொண்டிருப்பாள். தெரிந்தவர்கள் யாராவது வந்தால் "அடுத்து எந்த நாடு?" என்று கேட்பார்கள். நாடு எங்கே பார்த்தாள்? விமான நிலையம், விடுதி அறை, மண்மேடு. உலகம் முழுக்க அவள் பார்த்தது இந்த மூன்றைத்தான். அதிலும் விடுதி அறைச் சுவரில் மாட்டியிருக்கும் படம்கூட எல்லா நாட்டிலும் ஒரே படகாக இருந்து தொலைக்கும்.

வைத்தியம் சொல்லாத ஒரே ஆள் அப்பா. அவர் மின்விசிறி, இஸ்திரிப் பெட்டி, ரேடியோ எல்லாம் பழுதுபார்க்கிற கடை வைத்திருந்தார். வீட்டின் முன்னறைதான் கடை. நாள் முழுக்க ஈயப் பற்றவைப்புப் புகையில் உட்கார்ந்து உட்கார்ந்து அவருக்கு ஒரு இருமல் ஒட்டிக்கொண்டிருந்தது. முதலில் சின்னதாக ஒரு செருமல் வரும், அதன் வாலைப் பிடித்துக்கொண்டு பெரிதாக ஒன்று வரும். வீட்டில் அதை யாரும் இருமல் என்று நினைப்பதுகூட இல்லை. அப்பா இருக்கிறார் என்பதற்கு அது ஒரு அடையாளம், அவ்வளவுதான்.

அவர்தான் மைதானத்துக்குக் கேட்டை இயக்கும் பெட்டி செய்து கொடுத்தவர். அவள் பள்ளிக்கூடம் முடித்த சமயம் அது. சங்கத்துச் செயலாளர் 'பெட்டி வெளிநாட்டிலிருந்து வருகிறது, வருகிறது' என்று சொல்லிக்கொண்டே இருந்தார். வரவில்லை. பயிற்சியாளர் விசில் ஊதிக் கேட்டைக் கையால் தள்ளிவிடுவார். அந்த லட்சணத்தில்தான் அவள் முதல் வெளிநாட்டுப் பந்தயத்துக்குப் போனாள். அப்பாவும் கூடப் போனார். அவர் வாழ்க்கையில் விமானம் ஏறியது அந்த ஒரு தடவைதான். கேட்டுக்குப் பக்கத்தில் வேலி ஓரமாக நின்று, குரலையும் பீப் சத்தத்தையும் போனில் பதிவு செய்துகொண்டு வந்தார். பழைய ஒலிபெருக்கி, மின்காந்தம், இரண்டு ரிலே சுவிட்ச், ஒரு தகரப் பெட்டி. ராத்திரி பகல் பாராமல் குடைந்து, கடைசியில் மைதானத்தில் கொண்டுபோய் மாட்டினார். பட்டனை அழுத்தினால் குரல் வரும், பீப் வரும், கேட் விழும்.

"அச்சு அசல் அதே சத்தம். கேட்டுப் பாரு" என்றார். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றைக்கு வேறு எதையும் அவள் யோசிக்கவில்லை. அவர் மகளுக்காகச் செய்த பெட்டி. அதில் யார் நொட்டை சொல்வார்கள்?

இப்போது அவளுக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது. செயலாளர் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார். "கோவிச்சுக்காதே. இந்த வருஷ உலகப் போட்டிதான் உனக்குக் கடைசி. அதுல ஃபைனலுக்குப் போயிட்டா அப்புறம் பார்க்கலாம். இல்லேன்னா சின்னப் பிள்ளைங்களுக்கு வழி விடணும். நானும் எத்தனை வருஷம்தான் அஞ்சாவதுன்னு எழுதி அனுப்பறது?"

அவளுக்கு மெடல்கூட வேண்டாம், ஒரே ஒரு ஃபைனல். வெளிநாட்டு மண்ணில் ஒரே ஒரு தடவை அந்த எட்டுப் பேரில் ஒருத்தியாகக் கேட்டில் நின்றால் போதும். வேறு எதுவும் அவள் கேட்கவில்லை.

உலகப் போட்டிக்கு முன்னால் உள்ளூரில் ஒரு பந்தயம் நடந்தது. விருந்தாளியாகப் பக்கத்து நாட்டிலிருந்து ஒருத்தி வந்திருந்தாள். உலக அளவில் பெயர் எடுத்தவள், ஃபைனலுக்கெல்லாம் போனவள். அவளே இங்கே கேட்டில் எட்டாவதாகக் கிளம்பினாள். ஒரு தடவை இல்லை, ஒவ்வொரு தடவையும். பந்தயம் முடிந்ததும் ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நேரே பயிற்சியாளரிடம் வந்தாள்.

"இங்க எல்லாரும் பீப் வர்றதுக்கு முன்னாடியே கிளம்பறாங்க" என்றாள்.

பயிற்சியாளர் சிரித்துக்கொண்டே பக்கத்தில் இருந்தவரிடம், "ஆடத் தெரியாதவ தெரு கோணல்னாளாம்" என்றார்.

"இல்ல. பெட்டிக்குள்ள யாரோ இருமறாங்க. அவர் இருமினதும் நீங்க எல்லாரும் கிளம்பிடறீங்க."

"இருமறாங்களா? யாரு?"

"அதைத்தான் நான் கேட்கறேன். யார் அது?"

பயிற்சியாளர் சுற்றிலும் பார்த்தார். மைதானத்தில் யாருக்கும் சளிகூட இல்லை. சரி, பார்த்துவிடுவோம் என்று கேட்டில் யாரையும் நிறுத்தாமல் பட்டனை அழுத்தினார். எல்லோரும் ஒலிபெருக்கிக்குக் கீழே காதை வைத்துக்கொண்டு நின்றார்கள். குரல் வந்தது. மௌனம். மௌனம் முடியப்போகிற நேரத்தில் மெல்லியதாக ஒரு சின்னச் செருமல், அதன் வாலைப் பிடித்துக்கொண்டு பெரிதாக ஒன்று. அப்புறம்தான் பீப். கேட் விழுந்தது. மறுபடி அழுத்தினார். மறுபடியும் அதே மௌனம், அதே இருமல்.

பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இத்தனை வருஷமாக அவர்கள் காதில் அது விழுந்துகொண்டுதான் இருந்தது, ஆனால் ஒருத்தரும் கேட்டதில்லை. வீட்டுக் கடிகாரம் ஐந்து நிமிஷம் முந்தி ஓடுவதை வீட்டுக்காரர்களா கவனிக்கிறார்கள், வந்த விருந்தாளிதானே சொல்ல வேண்டியிருக்கிறது? மௌனம் ஒவ்வொரு தடவையும் வேறு நீளம் இருக்க வேண்டும் என்கிற விதியை, அஞ்சுவைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். சொந்த மைதானத்தில் ஒரே பதிவுதான் ஓடிக்கொண்டிருக்கிறது என்பது மட்டும் அவளுக்கு உறைக்கவே இல்லை.

அவள் சிரிக்கவில்லை. அந்த இருமல் யாருடையது என்று அங்கே அவளுக்கு மட்டும்தான் தெரியும். அவளுடைய கால்கள் பயந்து உறையவில்லை. எந்த நாட்டுக் கேட்டில் நின்றாலும் அவை அப்பா இருமுவதற்காகக் காத்துக்கொண்டிருந்திருக்கின்றன.

பயிற்சியாளருக்குத்தான் பெரிய ஏமாற்றம். "அப்ப... மனசு இல்லையா?" என்றார். அந்த நேரத்தில் அவரைத் தூக்கி மேட்டிலிருந்து உருட்டிவிட்டிருந்தால்கூட அவள்மேல் யாரும் குற்றம் சொல்லியிருக்க மாட்டார்கள்.

வீட்டுக்கு அவள் சைக்கிளை மிதித்துப் போன வேகத்துக்கு எதிரே வந்தவர்கள் எல்லாம் ஒதுங்கினார்கள். கத்தித் தீர்த்துவிடுவது என்றுதான் போனாள். என் இளமை முழுக்க உங்க தகரப் பெட்டியில போச்சு, தெரியுமா உங்களுக்கு? வாசகம் எல்லாம் தயாராக இருந்தது. அப்பா முன்னறையில் ஒரு ரேடியோவின் வயிற்றைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"என்னம்மா, முகம் ஒரு மாதிரி இருக்கு? பெட்டி ஏதாவது மக்கர் பண்ணுதா? ரிலே மாத்தணும்னு நானும் நெனச்சுக்கிட்டே இருந்தேன்."

"இல்லப்பா. நல்லாத்தான் இருக்கு" என்று உள்ளே போய்விட்டாள். போய்த் தலையணையை ஒரு குத்துக் குத்தினாள். தன்மேல்தான் அப்போது அவளுக்கு ஆத்திரம்.

விருந்தாளி மூலமாகச் செய்தி சங்கத்துக்குப் போய், இத்தனை வருஷம் வராத வெளிநாட்டுப் பெட்டி அவசர அவசரமாக வந்து சேர்ந்தது. விதிமுறை மாறிவிட்டது, புதுப் பெட்டிதான் வைக்க வேண்டுமாம் என்று அப்பாவிடம் சொல்லி வைத்தார்கள். அவர் வந்து தன்னுடைய தகரப் பெட்டியைக் கழற்றித் துடைத்து, துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார்.

புதுப் பெட்டியோடு அவள் மல்லுக்கட்டினாள். காரணம் தெரிந்துவிட்டால் நோய் போய்விடும் என்று யார் சொன்னது? மூளைக்குத் தெரிந்தது காலுக்குத் தெரிய வேண்டாமா? பீப் கேட்டதும் மிதி என்று உயிரை விட்டுச் சொன்னாலும் கால் ஒரு கணம் தயங்கியது. நேற்று வந்த சின்னப் பிள்ளைகள் அவளுக்கு முன்னால் பாய்ந்தார்கள். விடிகாலையிலும், குளத்து வேலை முடிந்தும் மேட்டில் ஏறி ஏறி இறங்கினாள். கொஞ்சம் கொஞ்சமாக, பிடிவாதக்காரப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போவது மாதிரி, காலை வழிக்குக் கொண்டுவந்தாள். உலகப் போட்டிக்குக் கிளம்பும்போது அது ஓரளவுக்குச் சொன்னபடி கேட்டது.

முதல் சுற்றில் நாலாவது. அடுத்த சுற்றிலும் நாலாவது. அரையிறுதிக்கு வந்துவிட்டாள். வெளிநாட்டில் அவள் அதுவரை கால் வைக்காத இடம் அது. கேட்டில் ஏறி நின்றாள். குரல் வந்தது. மௌனம். பீப். கால் மிதித்தது. தயங்கவே இல்லை! முதல் மேட்டைத் தாண்டும்போது அவளுக்கு முன்னால் ஒரே ஒருத்திதான் இருந்தாள்.

நம்பவே முடியவில்லை. இரண்டாவது! இப்படியே போனால் ஃபைனல். முதல் வளைவு தாண்டியது, தாவல்கள் தாண்டின. இவ்வளவு அழகாக ஒரு பந்தயம் தனக்கு அமையும் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை. அங்கேதான் கோளாறு. எட்டாவதாகக் கிளம்பி முந்துவது எப்படி என்று அவளுக்கு அத்துப்படி. முன்னால் இருந்துகொண்டு காப்பாற்றுவது எப்படி என்று தெரியாது. எங்கே தெரியும்? முன்னால் இருந்தால்தானே! பின்னால் வருகிறவர்கள் எந்தப் பக்கம் நுழைவார்கள், எப்போது வழியை அடைக்க வேண்டும் என்று ஒன்றும் புரியவில்லை. கடைசி வளைவில், இத்தனை வருஷம் அவள் மற்றவர்களுக்குச் செய்ததை அவளுக்கே செய்தார்கள். உள்பக்கமாக ஒருத்தி நுழைந்தாள். அவள் விலகினாள். விலகிய சந்தில் இன்னொருத்தி. கோட்டுக்கு ஒரு மிதி முன்னால் மூன்றாவதாக ஒருத்தி.

ஐந்தாவது.

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்களே, அது எவ்வளவு சின்ன வார்த்தை! அவள் சைக்கிளைத் தரையில் போட்டுவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். பெட்டியை மாற்றலாம். காலைக்கூட மாற்றிவிட்டாள். அந்தப் பெட்டி அவளைச் செய்து வைத்திருந்த விதத்தை மாற்ற இன்னும் ஒரு பத்து வருஷம் வேண்டும். அதை யார் கொடுப்பார்கள்?

ஊர் திரும்பிய மறுநாள் காலை, சாப்பாட்டு மேஜையில் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா தேநீரை ஊற்றி வைத்தாள். அம்மா கிண்டல் செய்யாமல் இருந்ததே அவளுக்குத் தாங்கவில்லை. அப்பா நெடுநேரம் டம்ளரைச் சுற்றிச் சுற்றி வைத்துக்கொண்டிருந்தார். அப்புறம் சொன்னார்:

"நான் ஒண்ணு சொல்வேன், தப்பா நெனைக்காதே. நம்ம பெட்டிய மாத்தியிருக்கக் கூடாது. பழகின பெட்டி. போட்டிக்கு முன்னாடி கொண்டுவந்து புதுசை வெச்சா குழப்பமாத்தானே இருக்கும்? அதான் இப்படி ஆயிடுச்சு."

அவளுக்கு உச்சந்தலை வரைக்கும் சூடு ஏறியது. இவ்வளவு நாளும் பல்லைக் கடித்துக்கொண்டு அடக்கி வைத்திருந்தாள். இதோ, நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. டம்ளரைக் கையில் பிடித்தபடி அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

அப்போது அப்பா இருமினார். சின்னதாகச் செருமி, அதன் பின்னாலேயே பெரிதாக.

மேஜைக்கு அடியில் அவளுடைய வலது கால் தானாக ஒரு மிதி மிதித்தது. முழங்கால் மேஜையில் இடித்தது. தேநீர் தளும்பி, துணியெல்லாம் நனைந்தது.

"என்னடி ஆச்சு?" என்று அம்மா துணிக்கு ஓடினாள்.

அப்பா ஓடவில்லை. சிந்திய தேநீரைப் பார்த்தார். அவளுடைய காலைப் பார்த்தார். ரேடியோவில் எந்த இணைப்பு விட்டுப் போயிருக்கிறது என்று தேடும்போது இப்படித்தான் பார்ப்பார். அப்புறம் வேண்டுமென்றே ஒரு தடவை இருமிக் காட்டினார். பொய் இருமல். கால் அசையவில்லை. பொய்யைக் கண்டுபிடிக்க அந்தக் காலுக்கா தெரியாது?

அவர் எழுந்து முன்னறைக்குப் போனார். துணி பிரிகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்துத் தகரப் பெட்டியின் குரல். தயாராகு, கேட்டைப் பார். மௌனம். உள்ளே சாப்பாட்டு மேஜையில் அவள் இரண்டு கைகளாலும் தொடையை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். இருமல். பீப்.

அப்பா வாசற்படியில் வந்து நின்றார். வயதானவர் மாதிரி இருந்தார்.

"எத்தனை வருஷமா?" என்றார்.

"நீங்க பெட்டி மாட்டின நாள்லேருந்துப்பா."

அவள் தயாராக வைத்திருந்த வாசகம் எல்லாம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை.

இப்போது அவள் அதே மைதானத்தில் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். முதல் பாடமே முன்னால் இருந்துகொண்டு வளைவை அடைப்பது எப்படி என்பதுதான். அப்பா இன்னும் கடையில்தான் உட்காருகிறார். ஆனால் அவள் வீட்டில் இருக்கும்போது இருமல் வந்தால், ஈயம் பற்றவைக்கும் கோலைக் கீழே வைத்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு தெருவுக்குப் போய் இருமிவிட்டு வருகிறார். வேண்டாம்ப்பா, இங்கேயே இருமுங்க என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டாள். கேட்க மாட்டேன் என்கிறார். ஐந்தாவதாக வந்ததைவிட இதுதான் அவளுக்கு இப்போது பெரிய எரிச்சலாக இருக்கிறது.